ஒரு வாரத்தைத் தின்ற மூன்றாவது பின்

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டும் ‘உய்ங்ங்’ என்று சுழலத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்காக ஒரு வாரம் தவம் கிடந்தேன். அதனால்தான் வேலை பாதியில் நிற்கும்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டிக்கொண்டிருப்பது வீட்டுக்கு ஒரு சர்வர். மெஷின், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப். ஐ5-6500, 16 ஜிபி ரேம், ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. ஒரே மெஷினுக்குள் பல மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் அரை மணி நேரத்தில் ஏறியது. வீட்டில் நாலு போன், நாலிலும் ‘இடமில்லை’ என்ற புலம்பல். போட்டோ, வீடியோ எல்லாம் இதில் வந்து சேர வேண்டும், பிள்ளைகளுக்கு கேமும் ஓட வேண்டும் என்பது திட்டம். அதற்காக டேட்டா சென்டரிலிருந்து கழிந்து வந்த 8 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன்.

மாட்டினேன். மெஷின் எழும்பும்போது வரும் பயாஸ் திரையில் எதுவும் தெரியவில்லை. டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் துளி அதிர்வும் இல்லை, செங்கல் மாதிரி கிடக்கிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பயாஸை ரீசெட் செய்தேன். கடைசியில் விற்றவருக்குக் கொஞ்சம் சூடாகவே ஒரு செய்தி அனுப்பினேன். “எங்களிடம் நன்றாக ஓடியதே சார்” என்று பதில் வந்தது. எல்லாரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எதற்கும் பார்ப்போம் என்று டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்டும் பழைய யுஎஸ்பி டாக்கில் செருகினால், சமத்தாகச் சுழல்கிறது!

அங்கேதான் புத்தி வந்தது. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டரில் 15 பின், அதாவது சின்னச் சின்ன உலோகத் தொடுமுனைகள். முதல் மூன்றும் அந்தக் காலத்தில் 3.3 வோல்ட்டுக்கு என்று ஒதுக்கியவை. பின்னால் வந்த விதிமுறையில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் மின்சாரம் வந்தால் ‘அணைந்திரு’ என்று அர்த்தம். சர்வர் அறையில் பதில் சொல்லாமல் உறைந்துபோன டிஸ்க்கைத் தொடாமலே அணைத்துப் போட அது வசதி. என் பழைய பவர் சப்ளையோ அந்தப் பின்னில் விடாமல் 3.3 வோல்ட் தள்ளுகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.31. பாவம், டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிக் கிடந்திருக்கிறது. என் டாக்கில் அந்த 3.3 இணைப்பே கிடையாது, அதனால் அங்கே ஓடியது.

இதற்கு வைத்தியம் மூன்று. பழைய நாலு பின் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து அடாப்டர் போடலாம், அதில் 3.3 கிடையாது. ஆனால் என் பவர் சப்ளையில் மோலெக்ஸே இல்லை. தவிர, அச்சில் வார்த்த மலிவு அடாப்டர்கள் உருகித் தீப்பிடித்த படங்களைப் பார்த்தவன் நான். 3.3 வோல்ட் வரும் ஆரஞ்சு வயரை வெட்டிவிடலாம். இருப்பது ஒரே ஒரு பவர் சப்ளை, கை வரவில்லை. மிச்சம், பின்மேல் டேப் ஒட்டுவது.

ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். முதலில் செலோடேப் ஒட்டினேன். கனெக்டரைச் செருகும்போதே சுருண்டு உள்ளே போய்விட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப் தடிமன், கனெக்டர் முழுதாக இறங்கவில்லை. மெல்லியதாக இருந்தும் மின்சாரத்தைத் தடுக்கும் காப்டான் டேப்தான் சரி என்று ஆர்டர் போட்டேன். அது வந்ததும் இடுக்கி, பிளேடு, மொபைல் டார்ச் எல்லாம் எடுத்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். மறுபடியும் செங்கல்!

ஒரு நாள் முழுக்க ‘டேப் கதையே கட்டுக்கதை’ என்று புலம்பிய பிறகுதான் பார்த்தேன், எண்ணியதே தலைகீழ். டேட்டா கனெக்டர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். நான் மறு கோடியிலிருந்து எண்ணி, 13, 14, 15-ஐ மூடியிருக்கிறேன். அவைதான் மோட்டாருக்கான 12 வோல்ட்! சுழலுமா பின்னே?

செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. மூன்றாவதை மட்டும் மூட ஒரு மில்லிமீட்டர் கீற்று வெட்டிச் சாகாதீர்கள். முதல் மூன்றையும் சேர்த்தே மூடலாம், இந்த டிஸ்க்குகளுக்கு 3.3 வேண்டவே வேண்டாம். ஒட்டியதும் பல்குச்சியின் மழுங்கிய முனையால் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள், இல்லையென்றால் செருகும்போது கிளம்பிவிடும்.

விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி டேப் ஒட்டியே அனுப்புகிறேன் என்றார், நல்ல மனிதர். டிஸ்க் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 31,000 மணி நேரம் ஓடியது, ஆனால் கெட்டுப்போய் மாற்றிய செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டு) பூஜ்யம். மனசு நிறைந்துவிட்டது.

காப்டான் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் கேம் பக்கம் கையை வைத்தேன். மைன்கிராஃப்ட் சர்வருக்கு 4 ஜிபி ஒதுக்கினேன், பிரச்சினையே இல்லை. அடுத்து, தனி பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினேன். மொத்த மெஷினே நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போனது. புதுக் கார்டு வந்ததும் கார்டுகளை எண்ணும் பிசிஐ வரிசை ஒன்று தள்ளிப்போய், நெட்வொர்க் கார்டின் பெயரிலிருந்த 1, 2 ஆகிவிட்டிருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டி ஒரே ஓர் எண்ணைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த கிராஃபிக்ஸ் கார்டை, உள்ளே ஓடும் விண்டோஸ் விஎம்முக்கு (மெய்நிகர் மெஷின்) கொடுத்து, கேம் படத்தை நெட்வொர்க்கில் அனுப்பும் மூன்லைட் வழியாக டிவியில் விளையாட வைப்பது அடுத்த வேலை. விஎம் என்று தெரிந்தால் உள்ளேயே விடாத கேம்களும் உண்டு, அதைப் பெரியவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதிவைக்கும் இசட்எஃப்எஸ் மிரர் இன்னும் போடவில்லை. அது பேக்கப் ஆகாது என்பது தெரியும், அண்ணன் வீட்டில் மூன்றாவதாக ஒரு டிஸ்க் வைக்கும் யோசனை இருக்கிறது. முதலில் டிஸ்க்கைச் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் முடியட்டும்: டிஸ்க் முழுக்க நாலு விதமாக எழுதும், ஒவ்வொன்றையும் ஒரு முறை வாசித்துப் பார்க்கும், 8 டிபிக்கு எப்படியும் நாலு நாளுக்கு மேல் ஆகும். இன்று திங்கள், இரண்டாவது விதத்தில் இருக்கிறது. ராத்திரியில் கறக் கறக் என்று சத்தம் போடுகிறதாம், டப்பாவை ஹாலிலிருந்து தூக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு. பரண் வரை லேன் கேபிள் எட்டுமா என்று அளந்துகொண்டிருக்கிறேன்.