காமாலை வந்தவன் ரத்தம் கொடுக்கப் போன கதை

ஒரு பை ரத்தம் கொடுக்க நான்கு நடை, ஒரு நாள் லீவு. சொன்னால் ரத்தம் வாங்கத்தான் இப்படி அலைந்தேன் என்று நினைக்கிறார்கள்.

நான் ஏ நெகட்டிவ். வருஷத்துக்கு இரண்டு போனாவது வரும், போய்க் கொடுத்துவிட்டு வருவேன். 2022 மழைக்காலத்தில் சென்னையில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து நான்கு வீட்டில் மஞ்சள் காமாலை. எனக்கு ஹெபடைட்டிஸ் இ, அதாவது அழுக்குத் தண்ணீரில் பரவும் கல்லீரல் வைரஸ், என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று வாரம் மோரும் இட்லியும், மாமியார் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியும். சரியாகிவிட்டது.

12 மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம் என்று தெரியும். 17 மாதம் விட்டே ரத்த வங்கிக்குப் போனேன். படிவத்தில் ‘காமாலை வந்ததுண்டா’ என்ற இடத்தில் ‘ஆம்’ போட்டதும் கவுண்டரில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ரிப்போர்ட் இருக்கா சார்?”

இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டோடு ஊறிப் போனவற்றில் அதுவும் ஒன்று.

உள்ளே இருந்த டாக்டர் கறாராகச் சொன்னார். ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ என்றால் 12 மாதம். பி, சி என்றால் எப்போதும் கிடையாது. எதனால் வந்த காமாலை என்று தெரியாவிட்டாலும் எப்போதும் கிடையாது. காகிதம் இல்லாத நான் மூன்றாவது ரகம். “இப்போ ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்” என்றேன். “ரத்தத்துல ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் பொருளைப் பார்த்தா இ எப்பவோ வந்துட்டுப் போயிருக்குன்னு தெரியும். அந்தக் காமாலை அதாலதான்னு எப்படிச் சொல்றது?” பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்தேன்.

வெளியே ஒரு தன்னார்வலர் தோளைத் தொட்டார். “வேற இடத்துல போய் ‘இல்லை’ன்னு டிக் பண்ணுங்க சார். யார் கேட்கப் போறாங்க?” ஒரு நிமிஷம் சபலம் தட்டியது உண்மை. அப்புறம் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நம் ஊரில் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் கட்டாயமாகச் செய்யும் பரிசோதனை ஐந்துதான்: எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா. இ அதில் இல்லை. அதை வடிகட்ட அவர்களிடம் இருப்பது அந்தக் கேள்வித்தாள் மட்டும்தான். இங்கிலாந்தில் 2017 முதல், ஜப்பானில் 2020 முதல் எல்லாப் பையிலும் இந்த வைரஸைத் தேடுகிறார்கள். கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரம் வரை ஒன்றும் தெரியாது, பலருக்குக் கடைசிவரை கண்ணே மஞ்சளாகாது. எங்கள் தெருவில் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக நடமாடியவர்களில் யார் அந்த மாதம் ரத்தம் கொடுத்தார்களோ! நிறைமாதக் கர்ப்பிணிக்கு அந்தப் பை போனால்? கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இது தொற்றினால் 100-க்கு 20, 25 பேர் வரை இறக்கக்கூடும். எப்போதோ குணமான என்னைத் தடுக்கிறார்கள், கிருமியோடு நடமாடுகிறவர்களைத் தடுக்க வழியில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் டிக் போட மனசு வரவில்லை.

லீவு போட்டு லேபுக்குப் போனேன். “சாஃப்ட்வேர் மாத்திட்டோம் சார், பேர் போட்டா பழசு வராது. பில் நம்பர் இருக்கா?” பில்லும் பீரோவோடு போயிற்று. காமாலைக்குப் பார்த்த ஆஸ்பத்திரியில், வெளிநோயாளி சீட்டையெல்லாம் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள்.

கடைசியில் காப்பாற்றியவர் மச்சான். திருச்சியில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். “ஏங்க, அன்னிக்கு அண்ணனுக்கு ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேனே” என்றாள் மனைவி. அவள் போன் மாற்றியதில் அவளிடம் இல்லை. மச்சானின் வாட்ஸ்அப்பில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் குட்மார்னிங் ரோஜாக்களுக்கும் நடுவே கிடந்தது. ‘எச்இவி ஐஜிஎம் பாசிட்டிவ்’, அதாவது அப்போது புதிதாகத் தொற்றியிருந்தது இ வைரஸ்தான்; கீழே பி, சி இரண்டும் நெகட்டிவ். எல்லாம் பளிச். என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அவள் கட்டைவிரல்.

விரலுக்குக் கீழே சாம்பிள் எண் தெரிந்தது. அதோடு மறுபடி லேப். எண்ணைப் போட்டதும் இரண்டே நிமிஷத்தில் பெயரோடு பிரிண்ட் வந்துவிட்டது. சீல் கேட்டு வாங்கிக்கொண்டேன், கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள். காமாலை வந்தவர்கள் எந்த வகை என்று கட்டாயம் பார்த்து, சாம்பிள் எண்ணும் பெயரும் தெரிய நீங்களே ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, காமாலைக்காரரோடு ஒரே வீட்டில் இருந்தவருக்கும் 12 மாதத் தடை உண்டு. அதை யாரும் முன்பே சொல்லாததால் என் மனைவி ஒருநாள் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

மறுபடி போனபோது அதே டாக்டர். காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் படிவத்தோடு ஒரு ஜெராக்ஸைக் குத்தினார். ஹீமோகுளோபின் 14. பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிஸ்கட்டைக் கடிக்கும்போது கவுண்டர் பெண் சொன்னார்: “அடுத்த தடவையும் ஒரிஜினல் கொண்டு வந்துடுங்க சார், சிஸ்டத்துல ஏறாது.”

ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். மேல்தட்டில்.