நான்கு பக்கம், ஒரு ஏ3 தாள்: பள்ளிப் பத்திரிகை நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

போன வருடம் வரை எங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகைதான். சார்ட் பேப்பரில் எழுதி, படம் ஒட்டி, நூலக வாசலில் தொங்கவிடுவோம், கொஞ்ச நாளில் வெயிலில் வெளுத்துவிடும். இந்த வருடம் அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். தலைமையாசிரியரும் சரி என்றுவிட்டார். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், அன்று முதல் இதழ். ஒரு ஏ3 தாளில் இரண்டு புறமும் அச்சடித்து நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும். அதற்கு மேல் காசு இல்லை.

எந்த மென்பொருளில் செய்வது என்று இன்றிலிருந்து தேடுகிறேன். பக்கத்தைப் பிள்ளைகளே கட்ட வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. நானே செய்து கொடுத்தால் அது அவர்கள் பத்திரிகை ஆகாது.

ஜூன் 18, புதன்

பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள டிடிபி கடைக்குப் போனேன். அண்ணன் நல்ல வேலைக்காரர், திருமணப் பத்திரிகை எல்லாம் நிமிடத்தில் முடிப்பார், ஆனால் பக்கம் கட்ட அவரிடம் இருப்பது பேஜ்மேக்கர் 7 என்ற பழைய மென்பொருள். அது 2001-இல் வந்தது, அதற்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை, இன்று போனிலும் கணினியிலும் தமிழுக்குப் பொதுவாக இருக்கும் யூனிகோட் முறை அதற்குத் தெரியாது. பிள்ளைகள் போனில் தட்டச்சு செய்து வைத்திருந்ததை ஒட்டியதும் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. "முழுசா திரும்ப அடிக்கணும் டீச்சர், பாமினில" என்றார். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு என்றாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடைக்கு ஓட முடியாது. அச்சடிக்க மட்டும் இங்கே வரலாம்.

ஜூன் 21, சனி

இணையத்திலேயே பக்கம் வடிவமைக்கும் கேன்வாவில் இரண்டு மணி நேரம். உண்மையாகவே சுலபம். முக்தா மலர், கேட்டமரன் என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, பள்ளி ஆசிரியர் என்று சான்று காட்டினால் கல்விப் பதிப்பு இலவசம். ஒரு சுவரொட்டிக்கோ, அழைப்பிதழுக்கோ இதை விட்டு வேறெங்கும் போக மாட்டேன். செய்தித்தாளுக்குத்தான் இடிக்கிறது. செய்தித்தாளில் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பிரிக்கிற பத்தி உண்டே, நீளமான கட்டுரை முதல் பத்தியில் நிரம்பியதும் மீதி தானாக அடுத்த பத்திக்கு வழிந்து போக வேண்டும் இல்லையா, அதை நான் தேடியவரை காணவில்லை. கையால் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது, மேலே ஒரு சொல் கூடினால் கீழே மூன்று பெட்டியையும் தொட வேண்டும். அப்புறம் இணையம். எங்கள் பள்ளியில் மதியத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

கணினி ஆசிரியர் மைக்ரோசாஃப்டின் பக்கம் கட்டும் மென்பொருளான பப்ளிஷரைச் சொன்னார். நல்லதுதான், ஆனால் அதற்கான ஆதரவை 2026 அக்டோபரில் நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட்டே அறிவித்துவிட்டது. சாகப்போகும் மென்பொருளைப் பிள்ளைகளுக்கு ஏன் கற்றுத்தர வேண்டும்?

ஸ்கிரைபஸ் என்ற பக்கம் கட்டும் மென்பொருளை இறக்கினேன். இலவசம், திறந்த மூலம், இணையம் வேண்டாம். பழைய மாணவர்கள் இரண்டு பேர் தங்கள் அரசு மடிக்கணினியைக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றில் ஏற்கனவே ஸ்கிரைபஸ் 1.4 இருந்தது. ஆசையாகத் திறந்து "பெண்கள்" என்று ஒட்டினேன், ஒற்றைக்கொம்பு "ப"வுக்கு வலப்பக்கம் போய் நின்றது. "கொடி", "பூக்கோலம்" எதுவுமே உருப்படியாக வரவில்லை. மனசு விட்டுப்போய் மூடிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

மூடியது தப்பு. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் வேலை 1.5 வரிசையில்தான் ஸ்கிரைபஸுக்குள் வந்தது, 2024 ஜனவரியில் வெளியான 1.6-இல் அது நிலையான பதிப்பாகிவிட்டது. 1.6 போட்டேன். அதே "பெண்கள்", அதே "பூக்கோலம்", எல்லாக் கொம்பும் காலும் அதனதன் இடத்தில்! இதைப் படிக்கிற ஆசிரியர் யாராவது பழைய பதிப்பைப் பார்த்துவிட்டு ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று முடிவு கட்டியிருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள்.

ஜூலை 1, செவ்வாய்

வெற்றுத் திரையோடு பிள்ளைகளை உட்கார வைத்தால் பயந்துவிடுவார்கள். அதனால் ஒரு மாதிரிக் கோப்பு செய்தேன்: மூன்று பத்தி, மேலே பெயர்ப்பட்டை, கீழே பக்க எண், தலைப்புக்கும் கட்டுரை உடலுக்கும் முன்பே வகுத்து வைத்த எழுத்துப் பாணி. உடல் எழுத்து நோட்டோ செரிஃப் தமிழ், 11 புள்ளி, வரிக்கு வரி 16. ஆங்கிலத்துக்குப் போடுகிற இடைவெளியைத் தமிழுக்குப் போட்டால் மேல்வரி எழுத்தின் கீழ்நீட்சியும் கீழ்வரி எழுத்தின் மேல்கொக்கியும் உரசும், அதனால் தாராளமாக விட்டேன். இரண்டு ஓரமும் சமமாக நிறுத்திப் பார்த்தேன், நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் "கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு" என்று ஒன்று வந்தால் முந்தின வரியில் பெரிய ஓட்டை விழுகிறது. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக விட்டுவிட்டேன், படிக்க அதுதான் நன்றாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

ஐந்து பிள்ளைகள், இரண்டு மடிக்கணினி. கட்டுரைகளை லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் திருத்திவிட்டு ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவருகிறார்கள். பெட்டியைத் தேர்ந்து 'என்' விசையைத் தட்டி அடுத்த பெட்டியைச் சொடுக்கினால் இரண்டும் இணைந்து, மிச்ச எழுத்து அங்கே வழிகிறது. அது நடந்ததும் ஒருத்தி "மிஸ், தண்ணி மாதிரி போகுது!" என்று கத்தினாள். அரை மணி நேரத்தில் அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இடம் பற்றாவிட்டால் பெட்டியின் ஓரத்தில் சின்னக் குறுக்குக் குறி தெரியும். அதைப் பார்த்து, தான் எழுதிய ஏரி கட்டுரையிலிருந்து ஆறு வரியை ஒரு பையன் தானே வெட்டினான். எவ்வளவு கெஞ்சினாலும் வகுப்பில் ஒரு வரி குறைக்காத பையன்.

ஜூலை 9, புதன்

படங்கள் மங்கல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதால் அது சுருக்கிவிட்டது. எல்லாவற்றையும் ஆவணமாகத் திரும்ப அனுப்பச் சொன்னேன், இப்போது கோலப் படத்தில் புள்ளிகூட எண்ணலாம்.

ஜூலை 11, வெள்ளி

கடையில் சோதனை அச்சு. தாளின் ஒரு முகத்தில் 4-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 3-ம் வர வேண்டும், அதைச் சரியாக வைத்திருந்தோம். ஆனால் உள்பக்கம் தலைகீழாக வந்தது. அகலவாட்டில் வைத்த தாளைக் குட்டைப் பக்கமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டுமாம், நான் நீளப் பக்கத்தைச் சொல்லியிருந்தேன். ஒரு தாளோடு போயிற்று. மொத்தமும் அடித்த பிறகு பார்த்திருந்தால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலை வழிபாட்டில் கொடுத்தோம். மதியத்துக்குள் மூன்று எழுத்துப்பிழை பிடித்துவிட்டார்கள், மூன்றையும் மாதிரிக் கோப்பின் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை லேப் சாவி வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டாயிற்று, இனி மூன்றாவது மடிக்கணினி ஒன்று தேட வேண்டும்.