சொத்துப் பத்திரம் கேட்ட துப்பாக்கி உரிமம்

ஒரு வழியாக உரிமம் கைக்கு வந்துவிட்டது. தோப்பு வீடு, அக்கம்பக்கம் ஆளில்லை என்பதால் தற்காப்புக்கென்று கேட்டிருந்தேன்.

ஏ-1 என்கிற விண்ணப்பப் படிவம், ஆதார், போட்டோவெல்லாம் சுலபம். வம்பு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில்தான். எழுத்தர் என் மனுக் கட்டைப் புரட்டிவிட்டு, "சொத்துப் பத்திரம் எங்க சார்? வசதி இருந்தாத்தான் லைசென்ஸ்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது. அதை அச்செடுத்து மனுவோடு இணைத்தேன். அப்புறம் பத்திரப் பேச்சே வரவில்லை. ஆனால் கட்டு அவர் மேஜையிலேயே வெகுநாள் தூங்கியது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 14(3) அதற்குத்தான்.

மருத்துவச் சான்றில் மனநலமும் அடக்கம். "நாளைக்கு நீங்க யாரையாவது சுட்டா என்னையும் இழுப்பாங்க" என்று எங்கள் குடும்ப மருத்துவர் கைவிரித்துவிட்டார். எரிச்சல்தான், ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேறு டாக்டரைத் தேடினேன்.

போலீஸ் விசாரணைக்குத் தயாராகப் போங்கள். இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பில், "திருடன் சுவர் ஏறிக் குதிச்சு ஓடுறான். என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"சுட மாட்டேன் சார்."

"அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?"

"கதவை உடைச்சு உள்ள வந்து, வீட்டு ஆள் மேல கத்தியை ஓங்குறவனுக்கு."

எழுதிக்கொண்டார். தற்காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்யக் கூடாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 37ஆவது பிரிவு. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாட முடியாது. இதைப் படிக்காமல் போகிறவர்கள்தான் அங்கே வீரவசனம் பேசி மாட்டிக்கொள்கிறார்கள்.

உருப்படியாக எதையாவது கற்றேன் என்றால் துப்பாக்கிப் பயிற்சியில்தான். காலி ரிவால்வர்தானே என்று பக்கத்தில் நின்றவர் விரலை ட்ரிக்கரில் வைத்தபடி திரும்பினார். பயிற்சியாளர் கத்தவில்லை, வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அன்று முழுக்க அவரைத் தோட்டாவைத் தொடவிடவில்லை. சிலிண்டரைத் திறந்து தோட்டா போடும் ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. சுடும் இலக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வெளியே கொண்டுபோனால் உறையில், மூடியே இருக்கட்டும். "கொஞ்சம் காட்டுங்க மாப்ளே" என்று கேட்கிற மச்சான் எல்லா வீட்டிலும் இருப்பார். சட்டையைத் தூக்காதீர்கள். கல்யாணக் குஷியில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரவழைத்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. இடுப்பில் அது இருக்கும் நாளில் ரோட்டில் எவன் திட்டினாலும் கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டாக் கணக்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் எண் இல்லை. திருப்பி எழுத வைத்துத்தான் கிளம்பினேன்.