ஆறு வீதமும் அழிறப்பரும்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் கொடுக்கும்போது நான் சொல்லும் முதல் வசனம், "தாளில் ஒன்றும் எழுதக் கூடாது, விடையைக் கொப்பியில் எழுதுங்கோ" என்பது. அந்தத் தாள் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் வேண்டும், அதனால்தான். சொன்னாலும் கேட்கமாட்டார்கள், பென்சிலால் மெல்லமாக ஒரு கோடு போடுவார்கள், பிறகு நான் பக்கத்தில் வருகிறேன் என்றதும் அவசரமாக அழிறப்பரால் தேய்ப்பார்கள், கோடு போனாலும் அழுத்தின தடம் போகாது. போன மாதம் ஒரு தாளைப் பங்குபோட்டுச் செய்த இரண்டு பிள்ளைகள் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தார்கள். (38 பிள்ளைகள், 19 தாள், ஆகவே வாங்குக்கு ஒன்று.) ஏன் இதைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "அதில கோடு தெரிஞ்சது ரீச்சர், போன வருசத்து அக்காமார் போட்டது சரியாய்த்தானே இருக்கும்" என்றாள் ஒருத்தி. தாளை ஜன்னல் பக்கம் சரித்துப் பார்த்தேன், இருந்தது. போன வருடத்துப் பிள்ளை விட்ட பிழையை இந்த வருடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பொறுப்பாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அதே கிழமை இரவில் போனில் பாராளுமன்றப் பாதீட்டு விவாதம் பார்த்துக்கொண்டு இருந்தபோது அந்தத் தாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

இலங்கையின் 2025ஆம் ஆண்டுப் பாதீடு அந்த வருடம் மார்ச் 21இல் நிறைவேறியது, 159க்கு 45. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பெப்ரவரி 17இல் வாசித்தபோது எங்கள் ஆசிரியர் ஓய்வறையே காது கொடுத்துக் கேட்டது, கேட்காமல் என்ன, அடிப்படைச் சம்பளம் கூடுகிறது என்றால் யார் கேட்கமாட்டார்கள். அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 என்றார்கள். எனக்கும் அதில் பங்கு உண்டு, அதையும் முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ரீச்சர் தன் பையை மறைத்துக்கொண்டு எழுதுகிறா என்று சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கும் இருந்தது: ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கொடுப்பனவு மாதம் 750இலிருந்து 1,500, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல புலமைப்பரிசில் 5,000இலிருந்து 7,500. ஏழை வீடுகளுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும நிவாரணத் திட்டத்துக்கு 232.5 பில்லியன். கல்வி அமைச்சுக்கு 271 பில்லியன்.

இந்த 271இலேயே சண்டை தொடங்கியது. நாட்டின் உற்பத்தியில் கல்விக்கென்று கேட்ட ஆறு வீதம் எங்கே என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அவர்கள் ஆட்சியில் இருந்தபோது அந்த ஆறு வீதம் எங்கே போயிருந்தது என்று அவர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம், சரி, விடுவோம். அரசாங்கப் பக்கம், மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளம் இந்தக் கணக்கில் இல்லை, அது மாகாண சபை வழியாக வருகிறது என்றார்கள். அது உண்மை, என் சம்பளமே அப்படித்தான் வருகிறது. ஆனால் அதையும் கூட்டிப் பார்த்தாலும் ஆறுக்குக் கிட்டவும் வராது. இத்தனை வருடமாக இந்த நாட்டில் கல்விக்கு அரசாங்கம் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

ஆறு வீதம் என்ற சொல் எனக்கு 2012இல் அறிமுகம். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் ஜூலையிலிருந்து நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே போனார்கள். சம்பளப் பிரச்சினையாகத் தொடங்கியதை அரச கல்வியைக் காப்பாற்றுங்கள் என்ற கோரிக்கையாக மாற்றின அந்தக் கெட்டித்தனத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். அன்றைக்கு அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் ஹரிணி அமரசூரிய. இன்றைக்குப் பிரதமரும் அவர்தான், கல்வி அமைச்சரும் அவர்தான். அதனால் சிலருக்குக் கோபம், சிலருக்கு நக்கல். எனக்கு இரண்டும் இல்லை, ஒரே ஒரு ஆத்திரம் மட்டும் இருக்கிறது, அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். கொப்பி எடுங்கோ.

2025க்கு அரசாங்கம் எதிர்பார்த்த வருமானம் 4,990 பில்லியன், அது நாட்டின் உற்பத்தியில் 15.1 வீதம் என்றார்கள். அப்படியென்றால் மொத்த உற்பத்தி 33,000 பில்லியன் அளவில். அதில் ஆறு வீதம் 1,980 பில்லியன். அந்த வருடம் வட்டிக்கு மட்டும் 2,950 பில்லியன் ஒதுக்கினார்கள், வருமானத்தில் நூறு ரூபாவுக்கு 59 ரூபா. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, அல்லது தெரிந்தும் யாரும் வாய் திறக்காதது, சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தோடு 2024இல் நிறைவேற்றின அரச நிதி முகாமைத்துவச் சட்டம். வட்டியைத் தவிர்த்த மற்ற எல்லாச் செலவும் சேர்த்து உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2025இன் செலவே அந்தக் கூரையில் தலை முட்டிக்கொண்டு நின்றது. 13இல் கல்விக்கே ஆறு கொடுத்தால் மிச்சம் ஏழு. அந்த ஏழுக்குள் ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், ரோட்டு, உரம், அஸ்வெசும, அப்புறம் 2025இல் 440 பில்லியனைத் தாண்டின பாதுகாப்புச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்.

அப்படியிருக்க ஆறு வீதம் தருவோம் என்பவரும் ஏன் தரவில்லை என்பவரும் இந்தப் 13ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் கத்துவதைப் பார்க்கத்தான் ஆத்திரம். அந்தச் சட்டம் வந்தபோது நாட்டில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கதைத்தோம்? எங்கள் சங்கக் கூட்டத்திலும் கதைக்கவில்லை. சம்பள முரண்பாடு பற்றி மூன்று மணித்தியாலம் கதைத்தோம், நானும் கதைத்தேன்.

காசில்லை என்று செலவுக்கு வரம்பு போடுவது புதிது இல்லை. என் அம்மம்மாவுக்கு இப்போது 83 வயது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் வாத்தியார் பெயர் வராது, பாட்டு வராது, மத்தியானத்தில் கொடுத்த பணிஸ்தான் முதலில் வரும். "வெள்ளைத் துணி போட்டு மூடின பெட்டி, திறக்கக்குள்ளயே மணக்கும். பிறகு ஒரு வருசம் நிப்பாட்டிப் போட்டாங்கள்." எந்த வருடம் என்று அவவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், 1953. நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தன அந்த வருடம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார், அதோடு பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார், ரயில் கட்டணம் தபால் கட்டணம் எல்லாம் கூட்டினார். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்து, கடைசியில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசியும் பணிஸும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட வருடம் அது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 அக்டோபரில் தொடங்கி எட்டு வருடம்கூட ஆகவில்லை, படிப்பு இலவசம் என்று சொன்ன வாயாலேயே சாப்பாட்டுக்குக் காசில்லை என்றார்கள். அம்மம்மாவுக்கு ஹர்த்தால் ஞாபகமே இல்லை, பணிஸ் மட்டும்தான்.

நான் சொல்ல வந்ததும் அதுதான். விவாதத்தில் நிவாரணம் ஒரு நாள், கல்வி இன்னொரு நாள், வெவ்வேறு தலைப்பு, வெவ்வேறு அமைச்சர். வீட்டில் அது ஒரே பேர்ஸ்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம். அப்பா இல்லை. அம்மா விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி விறகு அடுப்பில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா. 2023இல் அஸ்வெசும தொடங்கினபோது முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, பொருளாதாரம், குடும்ப விபரம் என்று ஆறு பக்கமாகப் பார்த்து 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போடும் முறை அது. அவவுடைய வீட்டில் செத்துப்போன மனுசனின் மோட்டார் சைக்கிள் ஒன்று கொட்டிலுக்குள் நிற்கிறது, இரண்டு சில்லிலும் காற்று இல்லை, கோழி முட்டையிடுவது அதன் சீற்றில். விபரம் எடுக்க வந்தவர் வாகனம் இருக்கா என்று கேட்டிருக்கிறார். "இருக்கு எண்டு சொன்னன் ரீச்சர், பொய் சொல்லேலுமே." அதனால்தான் பெயர் வரவில்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அவவுக்கும் யாரும் சொல்லவில்லை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் அதுதான் காரணம். அந்த வருடம் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் சனம் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ தனி ஆள் இல்லை. 2024இல் இரண்டாம் கட்டத்துக்கு மறுபடி விண்ணப்பித்தா. இன்றைக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்லை.

இதில் சங்கிலி எப்படிப் போகிறது பாருங்கள். 2025 தொடக்கத்தில் கொப்பி, பேனை வாங்க அஸ்வெசும வீட்டுப் பிள்ளைகளுக்கு 6,000 ரூபா கொடுத்தார்கள். நல்ல விசயம், அரசாங்கத்தைத் திட்டுகிறவர்களும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பட்டியலில் விடுபட்ட வீடு அடுத்த பட்டியலிலும் விடுபடுகிறது. அந்தப் பிள்ளை போன வருடக் கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்து, அம்மா ஊசிநூலால் தைத்துக் கொடுத்த கொப்பியோடு வந்தாள். தையல் நேர்த்தி என்றால் நேர்த்தி. சீருடை மட்டும் புதுசு, அது எல்லாருக்கும் கிடைத்தது, துணி சீனாவின் அன்பளிப்பு. சில வேளை நினைப்பேன், பட்டியல் போடாமல் எல்லாருக்கும் கொடுத்த ஒன்றுதான் அவளுக்கு ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது என்று.

கொடுக்கிற காசைச் சனம் வீணாக்குகிறது, உதவி கொடுத்தால் வேலைக்குப் போகமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஓய்வறையிலேயே இருக்கிறார்கள். அஸ்வெசும கிடைக்கிற வேறு மூன்று அம்மாமாரிடம் பெற்றோர் கூட்டத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் முதலில் சொன்னது ரியூசன் காசு. இலவசக் கல்வி கொடுக்கிற அரசாங்கம் நிவாரணமும் கொடுக்கிறது, அந்த நிவாரணத்தை வாங்கி அந்த இலவசக் கல்வியில் விடுபட்டதை வாங்குகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு ரியூசன் தேவையில்லை என்று நான் எத்தனை தரம் சொன்னாலும், இரண்டு பேருக்கு ஒரு தாளில் படிப்பிக்கிற ரீச்சர் சொன்னால் யார் நம்புவார்கள். புலமைப்பரிசில் 1,500 ஆனதும் நல்லதுதான், எங்கள் பக்கத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு மாத ரியூசன் காசு சரியாக அவ்வளவு.

என்னிடம் கேட்டால் ஆறு வீதத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தப் 13ஐ மேசையில் போடுங்கள் என்பேன். கடன்காரரோடு பேசி அந்தக் கூரையைக் கொஞ்சம் தூக்க முடியுமா, முடியாதென்றால் கூரைக்குள்ளேயே எதைக் குறைத்து எதைக் கூட்டுவது, 2009இல் போர் முடிந்த நாட்டில் பாதுகாப்புக்கு ஏன் இவ்வளவு. இவற்றைக் கேட்காமல் விட்டால் கடைசியில் எங்கள் தலையில்தான் கத்தரிக்கோல் வரும். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடலாம், சேர்க்கலாம் என்ற கதை ஏற்கெனவே நடக்கிறது. ஐம்பது பிள்ளைக்குக் குறைந்த பாடசாலைகள் நாட்டில் ஆயிரத்துக்கு மேல், மேசையில் இருந்து பார்த்தால் வீண் செலவு மாதிரித்தான் தெரியும். வன்னியில் காட்டு ஓரக் கிராமத்தில் யானை வருகிற ரோட்டில் ஏழு வயதுப் பிள்ளையை அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

நானும் ஒன்று செய்தேன், அந்தத் தடம் விழுந்த தாள்களை எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். இந்தத் தவணைக்குப் புதுசாக, ஆளுக்கு ஒன்றாக, 38 தாள் அடிப்போம் என்று அதிபரிடம் கேட்டேன். போட்டோக்கொப்பி பக்கம் 15 ரூபா, எட்டுப் பக்கம், 38 தாளுக்கு 4,560. பாதி இருக்கிறது ரீச்சர், மிச்சம் 2,280ஐப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கோ என்றார், அவரையும் குறை சொல்ல முடியாது, தண்ணீர் பில்லே கட்டாமல் கிடக்கிறது. ஆளுக்கு 60 ரூபா வருகிறது. கூட்டம் வருகிற வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு, இடியப்பக்கார அம்மாவும் வருவா, அவ ஒரு கூட்டமும் விடுகிறதில்லை.