கட்டளையைச் சுமக்கும் துணைவினை

தொழில்நுட்ப ஆவணங்களைத் திருத்துவது என் வேலை. எண்ணோ பெயரோ தவறினால் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத் துணைவினையில், அதாவது ‘ஷல்’ (shall), ‘ஷுட்’ (should), ‘மே’ (may) போன்ற சொற்களில், நேரும் பிழை அப்படி எளிதில் சிக்காது. இலக்கணம் சரியாகவே இருக்கும். கடமை மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஒரு திட்டத்தில், வெப்பநிலை வரம்பைத் தாண்டும்போது கருவி எச்சரிக்கை ஒலி எழுப்புவது பற்றிய வாக்கியம் ‘ஷுட்’ என்று அமைந்திருந்தது. எழுதியவர் அதைக் கட்டாயமாகவே கருதினார். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பலருக்கும் ‘வேண்டும்’ என்றதும் கை அந்தச் சொல்லுக்குத்தான் போகிறது. வந்து சேர்ந்த கருவி ஒலி எழுப்பவில்லை. “நீங்கள் பரிந்துரைத்தீர்கள், நாங்கள் பரிசீலித்தோம்” என்றது தயாரிப்புத் தரப்பு. ஆவணத்தின்படி அவர்கள் சொன்னதே சரி.

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தர ஆவணங்களில் ‘ஷல்’ கட்டாயம், ‘ஷுட்’ பரிந்துரை, ‘மே’ அனுமதி, ‘கேன்’ இயலுமை. அங்கே ‘ஷல்’லுக்குப் பதிலாக ‘மஸ்ட்’ எழுதக் கூடாது. இணைய நெறிமுறைகளுக்காக 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 ஆவணத்திலோ இரண்டுக்கும் ஒரே பொருள். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருக்கும்போது, விளைவுகளை எடைபோட்ட பின் விலகலாம் என்கிறது அது. பெரிய எழுத்துகளில் எழுதினால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவுபடுத்தியது. ஆகவே எந்த மரபைப் பின்பற்றுகிறோம் என்பதை ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் அச்சம் தருவது ‘மே நாட்’. கதவைத் திறக்க அனுமதியில்லை என்றும் படிக்கலாம், திறக்காமலும் போகலாம் என்றும் படிக்கலாம். தடை என்றால் ‘ஷல் நாட்’ என்றே எழுதச் சொல்கிறேன்.

துணைவினை சரியாக இருந்தும் எழுவாய் இல்லாமல் தவிக்கும் வாக்கியங்கள் உண்டு. ‘ஷல் பி டெஸ்டெட்’ என்று செயப்பாட்டுவினையில் முடித்துவிட்டால், சோதிப்பது தயாரிப்பவரா, வாங்குபவரா? கட்டளை இருக்கிறது, அதை ஏற்க ஆள் இல்லை. இத்தகைய வாக்கியங்களை நான் விடாப்பிடியாகத் திருப்பி அனுப்புகிறேன்.

சட்டத் துறையும் இந்தச் சொற்களோடு போராடியிருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் நடை சீர்திருத்தி எழுதியபோது, முழு விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது பற்றிய 56ஆம் விதியில் ‘ஷல்’ போய் ‘ஷுட்’ வந்தது. 2010 திருத்தத்தில் ‘ஷல்’ மீண்டும் இடம்பிடித்தது.

புதிதாக எழுத வருபவர்களிடம் இலக்கண விளக்கம் எதுவும் சொல்வதில்லை. “இது நடக்காவிட்டால் கருவி சோதனையில் தோற்றது என்று எழுதுவீர்களா?” என்று மட்டும் கேட்கிறேன். ஆம் என்றால் ‘ஷல்’, இல்லை என்றால் ‘ஷுட்’. பதில் சொல்லத் தயங்கினால், முடிவே இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள். அப்போது அந்த வாக்கியத்தைப் பொறியாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.