நூறு அடி, நாலு செக்கன்

மே 10, 2025 – கிளிநொச்சி

நேற்றுக் காலை மாதுறு ஓயாவில் விமானப்படையின் பெல் 212 உலங்கு வானூர்தி நீர்த்தேக்கத்துக்குள் விழுந்துவிட்டது. இருந்தது 12 பேர். 6 பேர் இறந்துவிட்டார்கள். செய்தி கேட்ட நேரத்திலிருந்து மாங்குளத்தில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுடைய மூத்தவன் கனடாவில் ஹெலி ஓட்டப் படிக்கிறான். வாற கிழமை, எஞ்சின் நின்றால் இறக்கும் பயிற்சியாம்.

"தம்பி, நல்லா ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை ஏன் வேணுமெண்டு குறைக்கினம்?"

ஹெலிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்த சனம் நாங்கள். மகன் அதைத் தொழிலாக எடுத்ததை அக்கா ஏற்கவே கனகாலம் பிடித்தது. அவளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது.

மே 12

வெசாக் விடுமுறை. மருமகனோடு நெடுநேரம் கதைத்தேன்.

எஞ்சின் நின்றவுடன் ஹெலி கல்லுப்போல விழாது. இடக்கையில் இருக்கும் 'கலெக்டிவ்' நெம்புகோலை உடனே கீழே இறக்க வேண்டும். மேலே சுற்றும் சுழலித் தகடுகளின் சாய்வு குறையும்; கீழிருந்து மேலே வரும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கும். நிலம் கிட்ட வர, மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, மட்டமாக்கி, கலெக்டிவை உயர்த்தினால் மெல்ல இருத்தலாம். சுழலியில் சேர்ந்திருக்கும் சக்தி அந்த ஒரு தடவைக்குத்தான் காணும்.

அவன் பழகும் றொபின்சன் ஆர்22 என்ற சின்ன ஹெலி நிறை கூடினாலும் 622 கிலோதான். தகடுகளும் இலேசு. சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இயக்கச்சக்தியில் 64 வீதம்தான் மிஞ்சும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போகும் என்ற வர்க்க விதி, எங்கள் உயர்தரப் பிள்ளைகள் செய்யும் கணக்கு. கலெக்டிவை இறக்கக் கை ஒரு செக்கன் சுணங்கினாலே ஆபத்து. பழகாதவனுக்கு அந்தக் கை வராது. அதனால் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மே 14

அந்த ஹெலியைச் செய்யும் றொபின்சன் கம்பனி 2003இல் வெளியிட்ட பாதுகாப்பு அறிவித்தலை மருமகன் அனுப்பினான். மிக அரிதாக நடக்கும் எஞ்சின் கோளாறுக்குப் பழகப்போய் ஆண்டுதோறும் பல ஹெலிகள் அழிகின்றன என்று, செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

நிலத்திலிருந்து 100 அடிக்கு இறங்கும்போது சுழலியின் வேகத்தைக் காட்டும் முள், மானியின் பச்சைப் பகுதியின் நடுவில் நிற்க வேண்டும் என்கிறது அறிவித்தல். பறக்கும் வேகம் 60க்கும் 70 நொட்டுக்கும் (மணிக்கு இத்தனை கடல்மைல்) இடையில். இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1500 அடிக்குக் கீழே. திரும்பல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் அந்த இடத்திலேயே எஞ்சினைக் கொடுத்து எழும்ப வேண்டும்.

நான் கணக்குப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1500 அடி என்றால் செக்கனுக்கு 25. நூறு அடி நாலு செக்கன். மூக்கைத் தூக்கத் தொடங்குவது 40 அடியளவில். அதற்கு முன் மிஞ்சுவது இரண்டரைச் செக்கன்கூட இல்லை. மாணவன் திருத்திவிடுவான் என்று ஆசிரியர் பொறுத்துப் பார்க்கிறார், மாணவனோ ஆசிரியர் பிடிப்பார் என்று இருக்கிறான். அதற்குள் நிலம் வந்துவிடுகிறது. படிப்பிக்கிறவன் என்ற முறையில் இந்த இடம் என்னை உலுக்கியது. வகுப்பில் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது நல்ல பழக்கம். அங்கே அதே பழக்கம் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று: பயிற்சிக்கு எஞ்சினை முழுதாக இறக்கி, அது உண்மையாகவே நின்றுபோன சம்பவங்களும் உண்டு. எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள்ளும் சுழலி முள்ளும் கொஞ்சம் பிரியுமளவுக்கு எஞ்சினை மெல்லக் குறைத்தால் போதும் என்கிறது அறிவித்தல். மூன்று நாலு தடவைக்கு மேல் தொடர்ந்து செய்யவும் வேண்டாமாம். களைத்த பிறகுதான் கனபேர் விழுத்தியிருக்கிறார்கள்.

மே 15

வகுப்புப் பிள்ளைகளுக்கு மகோகனி விதை ஒன்றை மேல்மாடியிலிருந்து போட்டுக் காட்டினேன். சுழன்று சுழன்று இறங்கியது. சிறகைக் கிள்ளிவிட்டுப் போட்டது நேரே விழுந்தது. பின்வாங்குப் பெடியன் ஒருவன், "சேர், பாதியில சுத்திறது நிண்டா?" என்றான். அவனுக்காக வர்க்க விதியை இன்னொருக்கால் எழுதினேன்.

மே 18

முள்ளிவாய்க்கால் போய்வந்தோம். இன்று வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மே 21

மருமகன் முதல் நாள் பயிற்சியை முடித்துவிட்டான். கடைசித் தடவையில் 100 அடியில் வேகம் கூடிப்போக, ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் எஞ்சினைக் கொடுத்து எழுப்பிவிட்டாராம். பெடியனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கென்றால் அந்த ஆசிரியரைக் கும்பிடவேண்டும்போல இருந்தது. கையின் பழக்கத்தை உயரத்தில் எத்தனை தடவையும் பழகலாம், கீழே வந்து தரையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்ற பிடிவாதம் புதியவனுக்குத் தேவையில்லை. அவனிடம் அப்படியே சொன்னேன்.

அக்காவுக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டாள்.

"எத்தினை தரம் செய்தவையாம்?"

"மூண்டு, அக்கா."

"அப்ப சரி. நாளைக்கும் மூண்டோட நிப்பாட்டச் சொல்லு."