தராசுத் தட்டுல ஐஸு
காசிமேட்டுல காலைல மீன் வாங்க நிக்கிறேன். கூட வந்த காலேஜ் தம்பி, "சரி தப்பெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்ணா, பொதுவா ஒண்ணுமே கெடயாது"ன்னு ஒரே லெக்சர்.

மீன்கார அக்கா தட்டுல மீனோட ஐஸையும் சேத்துப் போட்டாங்க.

"யக்கா, இது இன்னா நாயம்?"

அதே தம்பிதான்!

1941ல பிபிசி ரேடியோல சி.எஸ்.லூயிஸ்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் பேசுனது கிட்டத்தட்ட இதான், சண்ட போடுறப்பவே ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு அளவுகோல் இருக்குன்னு ஒத்துக்குறோம், அங்கேர்ந்து அவரு கடவுள் இருக்காருங்கிற முடிவுக்குப் போறாரு. பைபிள்ல ரோமர் 2:15ல பவுல் சொல்ற, இருதயத்துல எழுதின நியாயப்பிரமாணமும் (கடவுளோட சட்டம்) இதான். எனக்கு அளவுகோல் வரைக்கும் ஓகே, அதுக்கு மேல ஒரே தாவா தாவ முடியல (ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறேன்தான்).

அக்கா எதிர்த்து ஒரு வார்த்த பேசல. ஐஸ தள்ளிட்டு மறுபடி எட போட்டாங்க.